படகு தண்ணீர் குடித்த மூன்று நாள்

லாரி காலனிக்குள் திரும்பியதும் செல்லியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். தான் வாங்கிய பொருளைப் பார்த்துத் தானே பயப்படுகிறவள் உலகத்தில் உண்டா என்று கேட்பீர்கள். அன்றைக்கு அங்கே நின்றிருந்தால் நீங்களும் பின்னால்தான் போயிருப்பீர்கள். தண்ணீரில் கிடக்கிற படகை எல்லோரும் பார்த்திருக்கிறோம். தண்ணீர் இல்லாத இடத்தில், லாரி மேல் ஏறி, கரண்டுக் கம்பிக்குக் கீழே மூக்கை நீட்டிக்கொண்டு ஒரு படகு தெருவில் வந்தால் எப்படி இருக்கும்? நம் கண்ணுக்கு என்றைக்கும் தெரியாத அதன் அடிவயிறு தலைக்கு மேலே போகிறது. கறுத்த பலகைகள். எங்கு பார்த்தாலும் வளைவு. நேர்க்கோடு என்று ஒன்று அதில் இல்லவே இல்லை. "இத எந்த ஆசாரி எந்த அளவ வச்சி அறுத்தான்?" என்று அவள் புருசன் திருமலை வாய்விட்டுக் கேட்டான். திருமலை கொத்தனார். மூலைமட்டமும் தூக்குக்குண்டும் வைத்துப் பிழைக்கிறவன். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது.

ஆந்திரப் பக்கத்து நாகலாபுரத்திலிருந்து உள்ளே ஏழு கிலோமீட்டர் அந்தக் காலனி. அதைத் தாண்டினால் ஏரி. ஏரிக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்தில், செல்லியம்மாவுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். அவள் அப்பன் ரெட்டியார் பண்ணையில் ஆளாக இருந்தே போய்ச் சேர்ந்தவர். அவருடைய அப்பனும் அப்படித்தான். செல்லியம்மா ஒன்பது வயதில் களைக்கொத்து பிடித்தவள். கல்யாணமான பிறகு வருசா வருசம் மாங்காய்ச் சீசனுக்குப் பங்காருபாளையம் போய், புருசனும் பெண்டாட்டியுமாக இரண்டு மாசம் மண்டியில் கூடை தூக்கிவிட்டு வருவார்கள். பதின்மூன்று வருசத்துக்கு முன்னால் கவர்மெண்டில், நிலமில்லாதவர்களுக்குத் தருகிற டிகேடி பட்டா கொடுத்தார்கள். அவள் பேருக்கே கொடுத்தார்கள். அந்த வம்சத்தில் மண் என்று ஒருத்தர் பேரில் எழுதியது அதுதான் முதல் தடவை. தெலுங்கில் எழுதிய அந்தக் காகிதத்தை அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அவள் பேர் எந்த இடத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுவாள்.

கொடுத்த மகராசர்கள் நிலத்தை ஏரிக்கு அந்தப் பக்கம் கொடுத்தார்கள். கோடையில் ஏரி சுருங்கிக் கிடக்கும்போது அதன் மடியிலேயே நடந்து போய்விடலாம். மழை விழுந்து ஏரி நிறைந்துவிட்டால் சுற்றிக்கொண்டு ஒன்பது கிலோமீட்டர் போக வேண்டும். நடுவில் இரண்டு ஓடை. அந்த ஓடைகளில் மழைக்காலத்தில் மாடுகூட இறங்காது. ஆனியில் வேர்க்கடலை விதைப்பார்கள். ஐப்பசி கடைசியில் பிடுங்க வேண்டும். போன இரண்டு வருசமும் அந்த நேரம் பார்த்து ஏரி நிறைந்தது. காய் மண்ணுக்குள்ளேயே முளை விட்டது. இவள் இந்தக் கரையில் நின்று, அந்தக் கரையில் தன் பச்சை மஞ்சளாவதையும் மஞ்சள் கறுப்பாவதையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். வேறு என்ன செய்வாள் பாவம்.

இந்த வருசமும் போனால் திருப்பதிக்குப் போய்விடுவது என்று திருமலை முடிவு செய்திருந்தான். அங்கே ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேன் வேலை, கீழே ஒரு அறை, அவளுக்குப் படிக்கட்டுக் கழுவுகிற வேலை. சூப்பர்வைசர் ஒருத்தர் பதிலுக்காகக் காத்திருந்தார். மகள் பிரியங்கா சத்தியவேடு பக்கம் செல்போன் கம்பெனியில் வேலை செய்துகொண்டு ஹாஸ்டலில் இருந்தாள். அவளுக்காக வீட்டைத் திறந்துவைக்கவும் தேவையில்லை. இந்தக் கடலை மட்டும் வீடு வந்து சேரட்டும், அப்புறம் பேசலாம் என்றாள் செல்லியம்மா. ஏரி நிறைந்து கிடக்கையில் கடலை எப்படி வந்து சேரும் என்று அவன் திருப்பிக் கேட்டான்.

பதில் மகளிடமிருந்து வந்தது. பிரியங்காவோடு வேலை செய்கிற அக்ஷயா, தடா பக்கம் பழவேற்காட்டு ஏரியோரத்து மீனவக் குப்பத்துப் பெண். அவள் அப்பா வேங்கடாசலம் ஃபைபர் படகுக்கு மாறி ஒன்றரை வருசமாகிறதாம். பழைய மரப்படகு கொட்டகையில் சும்மா கிடக்கிறதாம். செல்லியம்மா வீட்டில் இருந்த ஆடுகளை ஓட்டிப்போய் விற்றாள். மறுவாரமே படகு லாரி ஏறிவிட்டது.

வண்டி என்று ஒன்று வீட்டுக்கு வந்தால் செய்கிற மரியாதை எல்லாம் அந்தப் படகுக்கும் நடந்தது. மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். எலுமிச்சம்பழத்தை எந்தச் சக்கரத்துக்குக் கீழே வைப்பது என்பதில்தான் கொஞ்ச நேரம் குழப்பம். எதிர்வீட்டுக் கமலம்மா, லாரி சக்கரத்துக்குக் கீழேயாவது வையுங்கள், யாருக்காவது நல்லது நடக்கட்டும் என்றாள். கமலம்மாவின் வாய் அப்படி. அவள் புருசன் பாலையா, லாரி டியூபில் உட்கார்ந்து ஏரியில் மீன் பிடிக்கிறவர். அந்த ஊரில் துடுப்புப் பிடிக்கத் தெரிந்த ஒரே ஆளும் அவர்தான். படகோடு கூட வந்த வேங்கடாசலம் இரண்டு துடுப்பையும் ஒரு நீளக் கோலையும் அவர் கையில் கொடுத்தார். படகின் மூக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு காப்பித் தண்ணிகூடக் குடிக்காமல் அதே லாரியில் திரும்பிப் போனார். விற்ற பொருளைத் திரும்பிப் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை.

இருபது பேர் பிடித்து ஏரியில் இறக்கினார்கள். ஒரு நிமிசம், அதிகம் போனால் இரண்டு நிமிசம், படகு அழகாக நின்றது. அப்புறம் பலகைக்குப் பலகை இருந்த சந்துகளிலிருந்து தண்ணீர் பீச்சியது. ஒரு இடத்தில், இரண்டு இடத்தில் என்றால் பரவாயில்லை. எண்ண முடியாத இடத்தில் பீச்சியது. உள்ளே நின்ற பாலையா முழங்கால் நனைந்து வெளியே குதித்தார். கமலம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அடைத்துக்கொண்ட சிரிப்பு அவள் தோளில் தெரிந்தது.

ஏமாந்துவிட்டோம் என்றே செல்லியம்மா நினைத்தாள். திருமலை மட்டும் கலங்கவில்லை. சந்துகளில் விரல் விட்டுப் பார்த்தான். அவன் முகம் தெளிந்தது. ஒழுகுகிற தொட்டி எத்தனை பார்த்திருக்கிறான் அவன். ஒரு மூட்டை சிமெண்டும் ஒழுகல் அடைக்கிற பவுடரும் வாங்கி வந்தான். படகைக் கரையில் கவிழ்த்துப்போட்டு, மறுநாள் முழுக்க உட்கார்ந்து, ஒரு சந்து விடாமல் பூசினான். கரணையால் இழுத்து இழுத்து அவன் பூசியதைப் பார்த்தால் கும்பிடத் தோன்றும். பூசி முடித்ததும், எந்தக் கொத்தனாரும் செய்கிற மாதிரி, ஈரச்சாக்கைப் போட்டு மூடி வேளைக்கு வேளை தண்ணீர் ஊற்றினான். சிமெண்ட் என்றால் தண்ணீர் காட்ட வேண்டும். அது அவனுக்கு மூச்சு விடுகிற மாதிரி.

அதற்குள் நாள் ஓடிக்கொண்டிருந்தது. பாலையா டியூபில் அக்கரை போய் ஒரு கடலைச்செடியைப் பிடுங்கி வந்து கொடுத்தார். செல்லியம்மா காயை உடைத்தாள். பருப்பு சிவந்திருந்தது. தோட்டின் உள்பக்கம் கறுத்துவிட்டது. முற்றிய காய். இனி ஒரு வாரம், மிஞ்சிப்போனால் எட்டு நாள். அதற்குமேல் ஈரமண்ணில் இருந்தால் முளை கட்டும்.

நாலாம் நாள் காலையில் அவள்தான் தண்ணீர் ஊற்றப் போனாள். குடத்தைச் சாய்க்கும்போது படகுக்குள்ளிருந்து 'டப்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. குடத்தை வைத்துவிட்டுச் சாக்கை விலக்கினாள். திருமலை பூசிய சிமெண்ட் நீளவாக்கில் விரிந்து, சில இடத்தில் துண்டாகவே வெளியே தள்ளப்பட்டிருந்தது. ஒரு பலகையின் ஓரத்தில் ஆணி மேலே எழும்பியிருந்தது. சிமெண்ட் காய்ந்து வெடித்ததோ என்றால், காயவே இல்லை, சொட்டச் சொட்ட ஈரம். அப்போதுதான் ஒன்று அவள் கண்ணில் பட்டது. பின்பக்கம் ஒரு சாண் நீளத்துக்குத் திருமலை பூச மறந்திருந்தான். ஈரச்சாக்கு அங்கேயும் கிடந்தது. முந்தாநாள் அந்தச் சந்தில் அவள் சுண்டுவிரல் போனது. இப்போது நகம்கூட நுழையவில்லை.

அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். மரம் என்பது வெட்டினால் செத்தது, அறுத்தால் இன்னொரு தடவை செத்தது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இந்தப் பலகை எந்தக் காட்டில் நின்றதோ, எத்தனை வருசத்துக்கு முன்னால் விழுந்ததோ. இன்னமும் தண்ணீர் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறது. வாங்கி, பக்கத்துப் பலகையை நோக்கிப் போகிறது. நடுவில் நின்ற சிமெண்டை வெளியே தள்ளுகிறது. யாரும் பார்க்காதபோது அந்த வேலை நடந்துகொண்டே இருந்திருக்கிறது. அவளுக்குப் புல்லரித்தது. கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டும் போல இருந்தது. போட்டுக்கொண்டாள்.

பிறகு மகளிடம் நம்பர் கேட்டு வேங்கடாசலத்தைக் கூப்பிட்டாள். சிமெண்ட் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அந்த மனுசன் போட்ட சத்தம் போனுக்கு வெளியே கேட்டது. திட்டி முடித்துத்தான் விசயத்துக்கு வந்தார்.

"அத தண்ணியில முழுகடிம்மா. கல்லு போட்டு, மூணு நாளு. அது குடிக்கணும். குடிச்சிதுன்னா தன்னால மூடிக்கும். அப்புறமும் எங்கனா கசிஞ்சா நூல்ல குங்கிலியம் வச்சி அட."

"இத அன்னைக்கே சொல்லக்கூடாதாண்ணா?"

"மாடு விக்கிறவன் புல்லு போடுன்னு சொல்லுவானாம்மா? இது தெரியாத ஜனம் இருக்கும்னு எனக்குத் தோணல."

பாவம், அவர் சொன்னதும் உண்மைதான். அந்தக் குப்பத்தில் பிறக்கிற குழந்தைக்கும் அது தெரியும். இந்தக் காலனியில் தலை நரைத்த கிழவருக்கும் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரம் லாரியில் மூன்று மணி நேரம்.

போனை வைத்ததும் செல்லியம்மாவுக்குப் பெரிய வேலை ஒன்று மிச்சமிருந்தது. புருசனிடம் சொல்ல வேண்டும். ஒரு நாள் முழுக்க முதுகு ஒடிய அவன் செய்த வேலை. ஊரே பார்த்து மெச்சிய வேலை. அவனைக் கூட்டி வந்து சாக்கை விலக்கிக் காட்டினாள். விரிந்த சிமெண்டையும் காட்டினாள், அவன் மறந்துபோன அந்த ஒரு சாண் இடத்தையும் காட்டினாள். திருமலை குனிந்து நகத்தால் கீறிப் பார்த்தான். நிமிர்ந்து ஏரியைப் பார்த்தான். வீட்டுக்குப் போய் உளியும் சுத்தியலும் எடுத்து வந்தான். பலகையில் கீறல் விழாமல், பூசியதைவிடப் பொறுமையாக, பொழுது சாயும்வரை கொத்தி எடுத்தான். எழும்பிய ஆணியை அடித்து இறக்கினான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து துண்டுகளைக் கூடையில் பொறுக்கிப் போட்டாள். இருபத்தெட்டு வருசக் குடித்தனத்தில் அவன்மேல் அவளுக்கு அவ்வளவு பிரியம் வந்த நாள் வேறு இல்லை.

அஞ்சாம் நாள், ஆசைப்பட்டு வாங்கிய படகை அவர்களே தண்ணீரில் மூழ்கடித்தார்கள். கரையோரம் இடுப்பளவு ஆழத்துக்குத் தள்ளினார்கள். கருவேல மரத்தில் கயிறு கட்டினார்கள். சந்தெல்லாம் தண்ணீர் பீச்ச, ஒவ்வொரு கல்லாக உள்ளே வைத்தார்கள். படகு ஒரு பக்கம் சாய்ந்து, மெல்ல முனகி, குமிழி விட்டுக்கொண்டு இறங்கியது. மூக்கு மட்டும் கடைசிவரை மேலே நின்றது. செல்லியம்மா அதன்மேல் ஒரு கல்லை வைத்தாள். அதுவும் போய்விட்டது. கயிறு மட்டும் தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது.

ஊருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும். நாகலாபுரம் சந்தைவரை பேச்சுப் போனது. ஆட்டை விற்றுப் படகு வாங்கினாளாம், வாங்கியதைக் கல்லைப் போட்டு முழுகடித்தாளாம் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். கமலம்மா வாசலில் நின்று, படகுக்குக் கருமாதி எப்போது, சோறு உண்டா என்று கேட்டாள். திருமலை வெளியே தலை காட்டவில்லை. திருப்பதி சூப்பர்வைசர் போன் செய்தபோது, ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்று மட்டும் சொன்னான்.

செல்லியம்மா மூன்று நாளும் கரையை விட்டு நகரவில்லை என்றே சொல்லலாம். தண்ணீருக்குள் இறங்கி நின்று காலால் படகைத் தடவிப் பார்ப்பாள். கட்டைவிரலை ஒரு பலகையிலிருந்து அடுத்த பலகைக்கு நகர்த்துவாள். முதல் நாள் சந்து தட்டுப்பட்டது. இரண்டாம் நாள் சில இடத்தில் தட்டுப்பட்டது, சில இடத்தில் இல்லை. உள்ளுக்குள் பயம் பிடுங்கித் தின்றது. அதையும் மீறி, தன் காலுக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாமல், யாருடைய உதவியும் இல்லாமல் ஒன்று தன்னைத் தானே சேர்த்துக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு அவளைச் சிலிர்க்க வைத்தது. கோயிலில்கூட அவள் அவ்வளவு சத்தமில்லாமல் நின்றதில்லை. மூன்றாம் நாள் பாலையா இன்னொரு செடி கொண்டுவந்தார். பத்துக் காயில் ஒரு காயின் முனையில் வெள்ளையாக ஒரு பொட்டு. முளை. மேற்கே மேகம் கட்டியிருந்தது.

எட்டாம் நாள் விடிந்ததும் கற்களை எடுத்தார்கள். கடைசிக் கல் வெளியே வந்ததும் படகு ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி எழும்பியது. உள்ளே விளிம்புவரை தண்ணீர். திருமலையும் பாலையாவும் பக்கெட்டால் இறைத்தார்கள். செல்லியம்மா கரையில் நின்று கையைப் பிசைந்தாள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் நெருங்கி வந்தார்கள். தண்ணீர் பாதியாயிற்று, காலாயிற்று, அடிப்பலகை தெரிந்தது. துணி போட்டுத் துடைத்தார்கள். துடைத்துவிட்டு எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு இடம் ஊசி முனையளவு கசிந்தது. வேறெங்கும் ஒரு சொட்டு இல்லை. குங்கிலியப் பிசினை எண்ணெயில் காய்ச்சி நூலில் தோய்த்துத் திருமலையே அதை அடைத்தான். கமலம்மா எட்டிப் பார்த்தாள், உள்ளங்கையால் பலகையைத் தடவினாள், போய் ஒரு மண்வெட்டியோடு திரும்பி வந்தாள்.

"நானும் புடுங்க வரேன். கூலி வேணாம், காய் குடு" என்றாள்.

முதல் நடையில் பெண்கள் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு பாலையா துடுப்புப் போட்டார். செல்லியம்மா படகின் மூக்கில் உட்கார்ந்து, முகத்தை அக்கரைக்குத் திருப்பி வைத்திருந்தாள். நாற்பத்தாறு வருசம் அந்த ஏரியோரம் வாழ்ந்தவள். குளித்திருக்கிறாள், துவைத்திருக்கிறாள், அதைப் பார்த்து அழுதிருக்கிறாள். ஏரி நிறைந்து நிற்கையில் அதன் நடுவில் என்ன இருக்கிறது என்று தெரியாது. நடுவில் ஒன்றும் இல்லை. தண்ணீர் கறுத்து, ஆழமாக, வானத்தை அப்படியே வாங்கி வைத்திருந்தது. கீழேயும் மேகம், மேலேயும் மேகம். ஒரு விரல் கனப் பலகை மட்டும் அவளைத் தாங்கிக்கொண்டிருந்தது. ஒன்பது கிலோமீட்டர் தூரத்தில் இருந்த அவள் நிலம் கால்மணி நேரத்தில் பக்கத்தில் வந்து நின்றது.

இரண்டு நாள் பிடுங்கினார்கள். முளை கட்டியது கொஞ்சம்தான். தூறலில் நனைந்துகொண்டே அங்கேயே காயை ஆய்ந்து மூட்டை கட்டினார்கள். பச்சைக் காய் மூட்டை கல்லாகக் கனத்தது. நடைக்கு நாலு மூட்டை போதும் என்று பாலையா பயந்தார். செல்லியம்மா ஆறு வைக்கச் சொன்னாள். படகின் விளிம்பு தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே நின்று வந்தது. அவள் வழியெல்லாம் அடிப்பலகையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டே வந்தாள். பத்தாம் நாள் மத்தியானத்துக்குள் கடைசி மூட்டையும் இக்கரைக்கு வந்து சேர்ந்தது. காலனித் தெரு முழுக்கப் படுதா விரித்துக் கடலை கொட்டினார்கள். மேகமும் கலைந்து வெயில் அடித்தது.

திருமலை கரையில் நின்றபடியே திருப்பதிக்குப் போன் போட்டான். தெலுங்கில்தான் பேசினான். "மேமு ராம் சார்" என்றான். நாங்கள் வரவில்லை என்று. அந்தப் பக்கம் காரணம் கேட்டிருக்க வேண்டும். அவன் படகைப் பார்த்தான், கடலையைப் பார்த்தான், நிலம் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டான்.

பாலையா கயிற்றைக் கருவேல மரத்தில் கட்டப் போனார். செல்லியம்மா தடுத்தாள். இன்னொரு நடை போகணும் என்றாள்.

"அங்க இன்னாமே இருக்குது? எல்லாத்தையும் கொண்டாந்தாச்சே" என்றான் திருமலை.

"ஒண்ணும் இல்ல."

"அப்புறம் இன்னாத்துக்கு?"

"ஒண்ணுத்துக்கும் இல்லய்யா. நீயும் வா. நடுத் தண்ணி வரைக்கும் போய்ட்டு வந்துடலாம்."

அவன் அதுவரை அந்தப் படகில் ஏறி ஏரிக்குள் போனதே இல்லை. அவனுக்கு நீச்சல் தெரியாது. அதை ஊரில் யாருக்கும் சொன்னதுமில்லை. இரண்டு பக்கத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தான். நடு ஏரியில் பாலையாவைத் துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டாள் அவள். படகு தன்பாட்டுக்கு நின்றது. கொஞ்ச நேரத்தில் திருமலை ஒரு கையை விட்டான். அப்புறம் இன்னொரு கையையும் விட்டான். தண்ணீரைப் பார்த்தான், அதில் வந்து நின்ற மலையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவள் அழுதுகொண்டிருந்தாள். அவன் குனிந்து அடிப்பலகையில் உள்ளங்கையை வைத்தான்.